பைக்குக்கா, பின்கட்டுக்கா?

கும்மிடிப்பூண்டி ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் நர்மதா நிதானமாகத்தான் எழுதினாள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் புருஷன் அன்புசெல்வனின் கண்ணில் படட்டும் என்று, எழுதிய சீட்டை அவன் சேற்றில் ஓட்டும் டர்ட் பைக்கின் ஹேண்டில்பாரில் செருகினாள்.

"உன் பைக்குக்கு அபிஷேகம் பண்ண, சர்வீஸ் கடையில இருக்கிற மாதிரி பெரிய பிரஷர் வாஷர்தான் வேணும்னு மூஞ்சத் தூக்கிவெச்சிக்கினு கீறியே, தாராளமா வாங்கு ராஜா. அந்த வேகத்துல தண்ணியப் பீச்சி அடிச்சா சேறும் போவும், பேரிங் கிரீஸும் போவும், ஊட்டுச் சுவத்து பெயிண்ட்டும் போவும். சின்னது போதும்னு சொன்ன நான்தான் பைத்தியம். பின்கட்டுப் பாசியில நான் வழுக்கி விழுந்து முட்டியப் பேத்துக்கினப்ப, 'பாத்து நடக்கமாட்டியா'ன்னு கேட்டவன்தானே நீ? பைக்குல ஒரு கீறல் விழுந்தா மட்டும் உனக்கு நாஷ்டா எறங்காது. சாவி செருப்பு ஸ்டாண்டுல. கொழம்ப சூடு பண்ணித் துன்னு."

இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: "மதியம் பார்சல் வரும், தூங்கிடாத. சின்ன வாஷர்தான், நான்தான் ஆர்டர் போட்டேன். மொதல்ல பின்கட்டு, அப்புறம் உன் பைக்கு."

சாயங்காலம் அவள் திரும்பியபோது பின்கட்டுத் தரை பளிச்சென்றிருந்தது. பைக் சேற்றோடு அப்படியே நின்றது. அவள் எழுதிய சீட்டின் பின்பக்கத்தில் அன்பு கோணலாக எழுதியிருந்தான்:

"முட்டி இன்னும் வலிக்குதா?"