வடக்குச் சுவரோரப் பூசணிக்காய்கள்

இன்று காலை சாக்கைத் திறந்து அழுகின உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்தெறிந்தேன். ஒன்றேதான். நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு தரம் சோப்புப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அந்நிய நாட்டில், புட்ஸ்க்றேயில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த வீட்டில் நிலவறை கிடையாது. பின்வளவில் நீ வளர்த்த பூசணியும் கிழங்கும் கரட்டும் குளிருக்கு முன்பே விளைந்துவிட்டன. ஆடியில், இங்கே நடுக்குளிரில், உன் அம்மாவின் முதல் திவசம். முந்தின வருடம் அவர் போன தந்தி வந்து சேர்ந்தபோதே ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. நீ போகவில்லை. திவசச் சமையலாவது நீ நட்ட மரக்கறியில் நடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அதுவரை கெடாமல் வைப்பது என் பொறுப்பு. குளிரூட்டி செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர் நான். வேறு யாரைக் கேட்பாய்?

நூலகத்துப் புத்தகம் வீட்டின் வடக்குப் பக்கமே குளிர்ச்சி என்றது. வடக்குச் சுவரோரத் தகரக் கொட்டிலில் பூசணியை அடுக்கினேன். கரட்டை ஈரமணலில் புதைத்தேன். கிழங்கைச் சாக்கில் கட்டினேன்.

“மச்சான், இந்தப் பக்கம்தானே பகல் முழுக்க வெயில் அடிக்குது?” என்று கேட்டாய்.

“நீ பல்லுக்குப் படிக்கிறவன், பல்லைப் பார். கதவைத் திறந்து திறந்து பாக்காதை, சூடு ஏறும்.”

புத்தகம் இங்கிலாந்தில் எழுதியது. பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. அண்ணாந்து பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும்.

திவசத்தன்று விடியக் கொட்டிலைத் திறந்தோம். பூசணி கூழாகிக் கிடந்தது. கிழங்கு முளைத்துச் சுருங்கியிருந்தது. நீ ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாய். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாய்.

மத்தியானம் சாப்பிட வந்தவர்களில் பக்கத்துத் தெரு அன்ரி தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எங்கையடா தம்பி உன்ர தோட்டத்துப் பூசணி?”

“வச்ச இடம் பிழைச்சுப்போச்சு அன்ரி. நான் ஒரு மொக்கன்,” என்றாய் நீ.

“டெண்டிஸ்ற் ஆக முந்தியே எல்லாத்தையும் சொத்தையாக்கிப்போட்டாய்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று கொஞ்சக் காலம் என்னையே ஏமாற்றினேன்.

அடுத்த வருடம் சைக்கிளில் வகுப்புக்குப் போன உன்னை லொறி அடித்தது.

போன ஞாயிறு அன்ரி வீட்டில் உன் திவசம். அந்தச் சொத்தைப் பூசணிக் கதையை எடுத்தார்; சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். உன்னைக் காணாத புதுப் பெடியங்களும் சிரித்தார்கள். ஒருவன் என்னிடம் திரும்பினான்.

“நீங்களும் அந்த வீட்டிலதானே இருந்தனீங்கள் அண்ணை? இடம் பிழையெண்டு நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னனான்,” என்றேன். “அவன் கேட்டால்தானே.”

எவ்வளவு சுலபமாக வந்தது, மச்சான். பெடியன் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். நான் போட்டேன்.