எங்கள் ஆவாரஞ்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

அனுப்புநர்:
சு. ராஜாத்தி,
க/பெ. சுப்பன்,
கோரைமேடு மீனவர் குடியிருப்பு,
பழவேற்காடு ஏரிக்கரை.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்.

பொருள்: குடிநீர் ஊற்றைச் சுற்றியுள்ள ஆவாரஞ்செடிகளுக்கு டேங்கர் தண்ணீர் ஊற்றுவதை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தண்ணீர் கேட்டு வரும் மனுக்களையே பார்த்துப் பழகிய தங்களுக்கு இந்த மனு விசித்திரமாகத் தோன்றலாம். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

1. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பது எங்கள் தொழில். நாள் முழுதும் நிற்பது உப்புத் தண்ணீரில். குடிப்பதற்கு மேட்டில் தோண்டிய மணல் ஊற்று ஒன்றுதான் உண்டு. காற்றடித்தால் மணல் சரிந்து அதுவும் மூடிவிடும். அதைத் தடுக்கவே நானும் பக்கத்து வீட்டு கோவிந்தம்மாவும் சுற்றிலும் ஆவாரை விதைத்தோம். ஆடு மேயாமலிருக்கக் கிழிந்த வலையைக் கட்டினோம். முளைத்த வருடம் மட்டும் சொம்பால் தண்ணீர் விட்டோம். பிறகு அதுவே வேர் பிடித்துக்கொண்டு கோடையெல்லாம் பூத்தது. மணலும் நின்றது. உப்பில் ஊறிய உடம்புக்கு அந்தப் பூவைத்தான் அரைத்துத் தேய்த்துக் குளிப்போம்.

2. மார்கழியில் பறவை பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவர் மஞ்சள் பூவைக் கண்டு மகிழ்ந்து, செடிகளைப் பசுமைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னாராம். மறு வாரமே களிமண் கொட்டிப் பாத்தி கட்டினார்கள். தினமும் காலையில் திருப்பாலைவனம் பக்கமிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வருகிறது. நம் செடிக்கு இவ்வளவு மதிப்பா என்று முதலில் நாங்களும் பூரித்துப்போனோம்.

3. இப்போது பாத்தியில் தண்ணீர் வடிவதே இல்லை. இலை பழுத்து உதிர்கிறது. தொட்டு இழுத்தால் அழுகிய வேர் நாற்றத்தோடு கையோடு வருகிறது. வாடுகிறதே என்று இன்னும் அதிகமாக ஊற்றுகிறார்கள். வடபுறம் செடி செத்த இடத்தில் மணல் சரிந்து ஊற்று பாதி மூடிவிட்டது. ஒரு குடம் நிறைய அரை நாள் குந்தியிருக்கிறோம்.

4. தண்ணீர் ஊற்றும் தம்பி இளவழகன் மேல் குற்றமில்லை. நிறுத்தச் சொன்னால், "நான் இன்னாக்கா பண்ணுவேன்? ஊத்தி போட்டோ அனுப்பலன்னா, நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொல்றாங்கோ" என்கிறார். எங்களுக்கு ஒரு குடம் விடச் சொன்னால் அதுவும் முடியாதாம். செடிக்கென்று வந்தது செடிக்குத்தான் போக வேண்டுமாம். வரிசையில் வைத்த எங்கள் காலிக் குடங்களைச் சுற்றிக்கொண்டு டேங்கர் போகிறது.

5. அதன் ஹாரன் கேட்டாலே கை வேலையைப் போட்டுவிட்டு ஊற்றடிக்கு ஓடுகிறேன். ஏரியில் இறங்கினாலும் மனம் கரையிலேயே நிற்கிறது. கைக்குள் வந்த இறால் நழுவிப் போகிறது. தங்கள் அலுவலகத்துக்கு இருமுறை வந்தேன். செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்றதும் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே ஐயா, கோடைக் காற்று எழும்பும் முன் பாத்திகளை உடைக்கவும், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவும் ஆணையிட வேண்டுகிறேன். மிஞ்சிய செடிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திட்டத்தை நிறுத்த வழியில்லை, தினமும் படம் அனுப்பியே தீர வேண்டும் என்றால், அந்தத் தண்ணீரை எங்கள் குடங்களில் ஊற்றட்டும். செடி செத்த இடத்தில் நாங்கள் வரிசையாக நிற்கிறோம். எங்களைப் படமெடுத்து அனுப்பட்டும்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
சு. ராஜாத்தி

இடம்: கோரைமேடு
நாள்: 11.03.2024