வளையம் போட்ட கௌதாரி

இன்று கண்மாயிலிருந்து திரும்பும்போது, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் காடை வறுவல் வாசம் மூக்கைத் துளைத்தது. கூட்டத்துக்கு நடுவே சிரித்துவிட்டேன். உங்களிடம் சொல்லிச் சிரிக்கத்தான் முடியவில்லை.

மற்ற புருஷன் பெண்டாட்டியெல்லாம் பிள்ளையார்பட்டிக்குப் போக, நாம் ஞாயிறுதோறும் கீழச்சிவல்பட்டிக் கண்மாய்க்குப் பறவை எண்ணப் போனோம். நீங்கள் பைனாகுலரில் பார்த்துச் சொல்வீர்கள், நான் நோட்டில் 'நம்மூர்', 'தப்பி வந்தவை' என்று பத்தி பிரித்து எழுதுவேன். ஒருநாள் காடை ஒன்று குறுக்கே ஓடியது. "ஏய், எழுது! நம்மூருக் காடை!" என்று குதித்தீர்கள்.

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்க. அந்தா காடைப் பண்ணை இருக்கு. வேலி தாண்டி வந்த ஜப்பான் காடை இது, கடையில வறுக்குறது" என்று சொல்லி, 'தப்பி வந்தவை' பத்தியில் எழுதினேன். வீடு வரும்வரை நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.

அதையாவது பிறகு ஒத்துக்கொண்டீர்கள். கௌதாரிக்குத்தான் பெரிய சண்டை. வலை வைத்துப் பிடித்தே அந்தக் கரையில் கௌதாரி அற்றுப்போயிருந்தது. வேறு ஊரில் வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்டவற்றின் காலில் வளையம் மாட்டி, வனத்துறையார் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். நான் அவற்றைத் தனிப் பத்தியில் எழுதினேன். உங்களுக்கு வந்ததே கோபம்!

"காடை வெளிநாட்டுச் சரக்கு, சரி. இது இங்கயே இருந்த இனம்டி. பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்குத் தனியா எலை போடுவியா?"

"கோவிச்சுக்காதீக. வந்தது தங்குமான்னு தெரியணும்ல? இங்கயே குஞ்சு பொரிக்கட்டும், அந்தக் குஞ்சை நம்மூருப் பத்தியில நானே எழுதுறேன்."

அதைப் பார்க்காமலே ஒரு மாரடைப்பில் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று காலை கருவேலம் புதரடியில் வளையம் போட்ட கௌதாரி நின்றது. அதன் பின்னால் வளையமில்லாத பொடிக் குஞ்சுகள்.

"என்னங்க, குஞ்சு! குஞ்சு!" என்று கத்திவிட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "யாரை ஆத்தா கூப்பிடுறீக? அங்குட்டு ஒருத்தரும் இல்லையே."

"யாருமில்லண்ணே" என்றேன்.

நம்மூருப் பத்தியில் 'கௌதாரிக் குஞ்சு' என்று எழுதினேன். எண்ணிக்கை போட நிமிர்ந்தால், எல்லாம் புதருக்குள் போய்விட்டன. நாலா, ஐந்தா? நான் குனிந்து எழுதும்போது பார்த்துச் சொல்ல நீங்கள் இல்லையே. நோட்டு என் பையில்தான் இருக்கிறது. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.