குளக்கட்டு உடையும் என்று எழுதியவருக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் மகள் அனுப்பிய பொதி நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, அதிலிருந்த இங்கிலாந்து முத்திரைகளைத் தன் பிள்ளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளே உங்கள் புத்தகம், புதுப் பதிப்பு. விரித்ததும் அச்சு மை மணத்தது. அட்டையில் உங்கள் முழுப்பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன்.

முதற் பதிப்பில் இரண்டு எழுத்துகளும் உங்கள் குடும்பப் பெயரும் மட்டுமே இருந்தன. எழுதியவர் ஓர் ஆண் என்று நினைத்துத்தான் லண்டன் பத்திரிகைகள் பாராட்டின. வருங்காலத்தைப் பற்றி ஒரு பெண் எழுதினால் யார் வாங்குவார்கள் என்று உங்கள் பதிப்பாளர் கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் உங்கள் பெயர் உங்கள் புத்தகத்துக்கு வந்திருக்கிறது.

இதை ஆங்கிலத்தில் எழுதினால் கோபிப்பீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் குடியேற்றக் கொலனிக்கு வந்தபோது காடு வெட்டிய கட்டைகள் வயலுக்குள் இன்னும் நின்றன. உங்கள் கணவர் குளத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர், ஒப்பந்தத்தில் வந்தவர். குளக்கட்டின் வடக்கு முனையில், மேட்டில், உங்கள் பங்களா. கட்டுக்குக் கீழே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் காணி பெற்ற குடும்பங்கள். அவர்களுக்கு நடுவே ஓர் அறை குவாட்டர்ஸில் நான், அரசாங்க மருத்துவிச்சி. எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’, நீங்கள் ‘துரைசாணி’.

உங்கள் மகளின் காலில் முள் ஏறிச் சீழ்வைத்த அன்று முதன்முதலாக என் வாசலுக்கு வந்தீர்கள். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் படித்த தமிழில், “அம்மையே, தாங்கள் நலந்தானோ?” என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். தன்னைவிடக் கொஞ்சம் மூத்த சிநேகிதியை இங்கே எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சில நாட்களில் கேட்டீர்கள். அக்கா என்றேன். அன்றிலிருந்து வேறு பெயர் சொல்லி உங்களை நான் கூப்பிட்டதில்லை.

பின்னேரங்களில் உங்கள் விறாந்தையில் இருந்து கதைப்போம். உள்ளே எழுத்து அறையில் ரைப்ரைட்டர் திறந்தபடி கிடக்கும். நீங்கள் பிறந்த ஊரைப் பற்றி அங்கேதான் கேட்டேன். கடலோரத்து மண்மேட்டில் இருந்த சிறிய ஊர். ஒவ்வொரு மாரியிலும் கடல் மேட்டை அரித்துக்கொண்டு வரும். உங்கள் தகப்பனாரின் மணிக்கூட்டுக் கடைக்கு எதிரே இருந்த தெரு நீங்கள் சிறுமியாக இருக்கும்போதே கடலுக்குள் போனது. தேவாலயத்துச் சவக்காலையும் கல்லறைகளோடு பாதி போனது. ஊர்ச் சனம் வேலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, எங்கள் காலத்துக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். பதினாறு பதினேழு வயதில் நீங்கள் எழுதத் தொடங்கியது அந்தச் சொல்லைக் கேட்ட எரிச்சலில்தான். மலிவான மாசிகைகளுக்கு நிலவுப் பயணக் கதைகள் எழுதி அனுப்பினீர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பகலில் வரைபட அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரத்தில் முதல் நாவல். அது ஓரளவு விலைப்பட்டது. இரண்டாவதை ஒருவரும் ஏற்கவில்லை. மூன்றாவதை, நேற்று வந்து சேர்ந்த இதை, எங்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டு எழுதினீர்கள்.

அந்தக் கதை நூறு வருடம் கழித்து, பெயரில்லாத ஒரு நாட்டில் நடப்பது. மலைபோல ஓர் அணை, அதன் கீழே ஒரு நகரம். அணையில் வெடிப்பு விட்டிருப்பது அதைக் காவல் காப்பவர்களுக்குத் தெரியும். மற்றவன் முதலில் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். ஒருநாள் நகரம் இல்லாமல் போகிறது.

கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதியபோது, ஆசிரியர் வடக்கில் ஒரு குளத்து இஞ்சினியரின் மனைவி என்றும் எப்படியோ விசாரித்து அறிந்து போட்டுவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். சொன்னது வாய்க்கு வாய் மாறிக் கொலனியின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, எங்கள் குளக்கட்டு உடையப்போகிறது, இஞ்சினியர் சொல்லித் துரைசாணி எழுதிவிட்டா என்று ஆகியிருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி ஜீப்பில் வந்த அன்று, உங்கள் மகளுக்கு ஊசி போட நான் பங்களாவில் நின்றேன். கதை வெறும் கற்பனை, கட்டு உறுதியானது என்று பத்திரிகைக்கு நீங்கள் எழுதவேண்டும் என்றார். கற்பனை என்று எழுதுகிறேன், உறுதியானது என்று எழுதமாட்டேன், அது எனக்குத் தெரியாது என்றீர்கள். உங்கள் கணவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய பிடரி சிவந்துபோனதை நான் கண்டேன்.

ஜீப் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: “அந்த அதிகாரி கெட்ட மனிசன் இல்லை, தங்கச்சி. இதில ஒருத்தருமே கெட்டவை இல்லை. அதுதான் எனக்குப் பயம்.”

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கியது. மேலதிகமான தண்ணீர் வழிந்து விழும் அந்த இரைச்சல் என் குவாட்டர்ஸ் வரை கேட்டது. உங்கள் கணவர் ஆட்களைத் திரட்டிக் கட்டின்மேல் மண்மூட்டை அடுக்கினார். சாப்பிடக்கூட அவர் இறங்கி வரவில்லை. கட்டின் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் நீர் கசிகிறது என்று ஒரு காலையில் செய்தி பரவியது. முற்பகலுக்குள் கொலனிச் சனம் உங்கள் முற்றத்தில் நின்றது.

முன்னுக்கு நின்றவர் வேலுப்பிள்ளை அண்ணை. அவருடைய மருமகள் இராசம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளுடைய புருஷன், அண்ணையின் மகன், குளக்கட்டின்மேல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கொலனியை மேற்பார்க்கும் ஓவசியரும் வந்து நின்றார். காணியை விட்டுப் போகிறவர்களுக்குப் பிறகு காணி இல்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அந்தச் சனத்துக்கு அந்தக் காணியை விட்டால் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

வேலுப்பிள்ளை அண்ணை சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “அம்மா, நீங்கள் எழுதினபடிதான் நடக்கப் போகுதோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நாங்கள் போய் எங்கட வேலையைப் பாப்பம்.”

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். மொழிபெயர்க்கச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, நீங்களே பேசினீர்கள்.

“அது நான் யோசிச்சு எழுதின கதை. இந்தக் கட்டைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது.”

ஓவசியர் நிம்மதியாக மூச்சு விட்டார். சிலர் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அப்போது பின்னுக்கு நின்ற ஒரு பெண், உங்கட வீடு மேட்டில, உங்களுக்கென்ன என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். உங்களுக்குக் கேட்டுவிட்டது.

“ஓம், என்ர வீடு மேட்டில. அதால, பயமில்லை எண்டு உங்களுக்குச் சொல்ல என்னால ஏலாது. எல்லாரும் இஞ்ச வாங்கோ. பிள்ளையளை முதல்ல கொண்டு வாங்கோ.”

இது அரசாங்கக் கட்டடம் என்று ஓவசியர் தடுத்தார். நீங்கள் போய் ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்துவிட்டீர்கள். பிறகு ஒரு குடையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, இராசம்மாவின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள்.

கீழே றோட்டும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. எது தரை, எது ஆழம் என்று தெரியவில்லை. வேலுப்பிள்ளை அண்ணை மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு வர, நீங்கள் முன்னால் நடந்தீர்கள், மூடிய குடையால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்தபடி. தண்ணீர் உங்கள் தொடைவரை நின்றது. ஓரிடத்தில் குடை முழுவதும் உள்ளே போனது. நீங்கள் பின்வாங்கிய வேகத்தில் என்மேல் விழுந்தீர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழும்பினோம்.

இராசம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவ நோ தொடங்கி நேரமாகிவிட்டிருந்தது. அவளை வண்டியில் ஏற்றித் திரும்பிப் பாதிவழி வந்திருப்போம், கட்டின் பக்கமிருந்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தும் சத்தம் கேட்டது. மாடுகள் நின்றுவிட்டன. நாங்களும் நின்றோம். கட்டு போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுமையாக நான் ஒருபோதும் நின்றதில்லை. இராசம்மா தன் புருஷனின் பெயரைச் சொன்னாள்.

“நடவுங்கோ,” என்றீர்கள். “திரும்பிப் பாக்காதேங்கோ. நடவுங்கோ.”

வேலுப்பிள்ளை அண்ணை மாட்டை அடித்தார். நடந்தோம். உட்பக்கத்தில் ஒரு துண்டு மண் சரிந்ததற்குத்தான் அவர்கள் கத்தியது என்று பிறகு தெரிந்தது.

பங்களாவில் கால் வைக்க இடமில்லை. அறைகளில், விறாந்தையில், ஆடுகளோடும் கோழிகளோடும் சனம். உங்கள் எழுத்து அறையை எனக்கு விட்டீர்கள். ரைப்ரைட்டரைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தீர்கள். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்தேன். அழவில்லை. நீங்கள் இராசம்மாவின் தலையை உங்கள் மடியில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தீர்கள். பிறகு பிள்ளை அழுதது. பெண்பிள்ளை.

அந்த நேரம்தான் உங்கள் கணவர் வந்தார். சேற்றில் தோய்ந்து, கண் சிவந்து. வீடு நிறையச் சனத்தைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை விளங்கிக்கொள்ள, உங்களைத் தவிர, அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். கட்டு நின்றால் வீண் பீதி கிளப்பியதற்கு என் வேலை போகும், உடைந்தால் என் உயிர் போகும், என் மனைவியே என்னை நம்பவில்லை என்றுதான் ஊர் சொல்லும் என்றார். நீங்கள் ஒரு காய்ந்த சேட்டும் தேத்தண்ணியும் கொடுத்தீர்கள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சேட்டை அப்படியே கதிரையில் போட்டுவிட்டுத் திரும்பவும் கட்டுக்குப் போனார்.

கட்டு உடையவில்லை.

மழை ஓய்ந்து வெயில் எறித்தபோது சனம் கீழே இறங்கியது. காவலில்லாத வயல்களில் மாடும் பன்றியும் புகுந்திருந்தன. சில வீடுகளில் சாமான்கள் களவு போயிருந்தன. துரைசாணி எங்களை ஏமாத்திப் பேக்காட்டிப் போட்டா என்று சங்கக்கடையில் ஏசினார்கள். வேலுப்பிள்ளை அண்ணையும் ஏசினார். பேத்தி உங்கள் மேசையில் பிறந்தது அவருக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. உங்கள் கணவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. யாருடைய காணியும் பறிபோகவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு வழியனுப்ப வந்தது நானும் இராசம்மாவும்தான். இராசம்மா பிள்ளையை உங்கள் கையில் தந்தாள். ரயில் வரும்வரை நீங்கள் அதைத் திருப்பித் தரவில்லை.

பிறகு உங்களை நான் காணவில்லை. கடிதங்கள்தான். கடலிலிருந்து தூரமான ஓர் ஊரில் வாடகை வீடு என்று எழுதினீர்கள். பதிப்பாளர் வேற்றுலக மிருகங்கள் கேட்கிறார், எனக்குத் தெரிந்ததெல்லாம் காத்துக்கொண்டிருக்கிற மனிதர்கள்தான் என்று எழுதினீர்கள். இன்னும் இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்றை ஒருவரும் கவனிக்கவில்லை, மற்றதை மாணவர்கள் தேடி வாசிக்கிறார்கள் என்று அறிந்தேன். உங்கள் விரல்கள் மடங்காமல் போனபோது கடைசி நாவலை ரைப் பண்ணித் தந்தது உங்கள் கணவர் என்று உங்கள் மகளின் கடிதத்தில் வாசித்துவிட்டு, நெடுநேரம் அந்த வரியிலேயே நின்றேன்.

நீங்கள் இங்கிருந்து ரயிலேறிப் போன அடுத்த மாரியில் இங்கே நடந்ததை நான் எழுதியிருந்தேன். மழை இறுகியபோது யாரும் சொல்லாமலே பெண்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வயல் காக்க இரண்டு மூன்று ஆண்கள் மட்டும் முறை வைத்து நின்றார்கள். முன்னால் வண்டி ஓட்டியவர் வேலுப்பிள்ளை அண்ணை. அதற்குத் ‘துரைசாணிப் பயணம்’ என்று பெயரும் வைத்தார்கள், சிரிப்பும் பகிடியுமாகத்தான். அந்த முறையும் கட்டு உடையவில்லை. இன்றுவரை உடையவில்லை. இன்றுவரை போகிறார்கள்.

அதற்கு நீங்கள் எழுதிய பதில், கோணல் மாணலான தமிழ் எழுத்தில், எனக்குப் பாடம்: “தங்கச்சி, நான் எழுதினது நடக்காமல் பிழைச்சுப் போகவேணும் எண்டுதான் எழுதினனான்.”

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். முன்பெல்லாம் வயிற்றுப் பிள்ளைக்காரிகளிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவேன். அந்த மார்கழிக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன், கொஞ்சம் சந்தேகம் என்றாலும் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். போனமாதம் கண்டாவளைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கால் வீங்கியிருந்தது. மாமியார் மறித்தும் அனுப்பினேன். அங்கே ஒரு சிக்கலும் இல்லாமல் சுகமாகப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே வந்தா, ஏசுவதற்கு. கார் பிடித்ததும், ஆட்கள் அலைந்ததும், வீணாகப் பயந்து சாப்பிடாமல் கிடந்ததும் எல்லாம் சொன்னா. ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கேட்டுக்கொண்டு கையை நீட்டினேன். அவா ஏசி முடிக்குமட்டும் பிள்ளையை நான்தான் வைத்திருந்தேன்.

உங்கள் தங்கச்சி