அப்பாவின் முதுகுக்கு ஏற்ற ஸ்பிரிங்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், இந்த முறை நம் சிவப்பு வண்டியும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நேரில் வந்தா பார்க்க முடிகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று போனில் சொன்னேன், உன் ஒர்க்‌ஷாப்பில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அதுவாவது உனக்குக் கேட்டதோ என்னவோ. அதனால்தான் உட்கார்ந்து விலாவாரியாக எழுதுகிறேன்.

முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா என் வண்டியில் ஏற மறுத்தது உனக்குத் தெரியும். காரில் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார், இவர்தான், டாக்டர் சொன்னது கார், இது கட்டாந்தரை என்று சாதித்தார். அதிலும் தப்பில்லை. எனக்கு விற்ற ஆள் வண்டியைத் தாழ்த்துவதற்காகப் போட்டிருந்த குட்டை ஸ்பிரிங்கில் தெருவில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகெலும்பில் தெரிந்தது. இரண்டே இருக்கை உள்ள வண்டியில் ஒன்று காலியாக இருந்தால் ஓட்டுவதில் என்ன ருசி சொல். அவர் பஸ்ஸுக்கு நிற்க, நான் அவரைத் தாண்டிப் போக, பார்த்தவர்கள் எங்களுக்குள் பெரிய சண்டை என்றே நினைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கை மாற்றிப் பார்ப்போம், அதுவும் சரிவராவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே தூங்கமாட்டாய்.

உன் மாமா கேள்விப்பட்டதும் வந்து நின்றான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும், ரேஸில் போடுவது இதுதான் என்று கடையில் இருப்பதிலேயே விறைப்பான ஸ்பிரிங் செட்டைக் காட்டினான், உயரத்தைத் திருகிக் குறைக்கலாமாம், மற்றதையெல்லாம் கிளிக் கிளிக்கென்று மாற்றலாமாம். நீயோ போனில் எந்த செட் என்று சொல்லவே இல்லை, கேள்வியாகக் கேட்டாய். தினமும் எந்த ரோடு, டயரில் காற்று எவ்வளவு, அப்பா இப்போது எத்தனை கிலோ, அவருக்கு எதில் வலிக்கிறது, சட்டென்று தூக்கிப் போடும்போதா, விடாமல் அதிரும்போதா. எடையைக் கேட்டதும் அவர், இவள் எனக்குச் சட்டை தைக்கப் போகிறாளா என்றார். அப்புறம்தான் விளக்கினாய், ரேஸ் நடக்கும் ரோடு வழவழவென்று இருக்கும், நம் தெரு அப்படியில்லை, சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும், அதனால் வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடு, கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைவிடத் துளி விறைப்பாக இருந்தால் போதும், ஷாக் அப்சார்பர் அதற்குப் பொருந்துவதாக ஜோடியாக வாங்கு, சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டில் விரிசல் விட்டிருக்கும் ரப்பர் புஷ்களையும் கையோடு மாற்று என்று. வளைவில் வண்டியும் சாயாது, பள்ளத்தில் அப்பாவும் முனகமாட்டார் என்றாய். எனக்கு அப்போதே பெருமை தாங்கவில்லை, மாமா முன்னால் அடக்கிக்கொண்டேன்.

நீ சொன்னதையே வாங்கி ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் நல்ல வேலைக்காரர்தான், அன்றைக்கு மாமா பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று அவர் உயிரை வாங்கிவிட்டான். முடித்து ஓட்டிப் பார்த்தால் வண்டி கொக்கு மாதிரி எழும்பி நிற்கிறது, முன்பைவிட மோசமாக உதைக்கிறது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சொல்கிற பெண் பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்றான், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அங்கேயே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நீ யாரையும் குறை சொல்லவில்லை. "அண்ணே, புஷ் போல்ட்டை முறுக்கும்போது சக்கரம் தரையில இருந்துச்சா, தொங்கிட்டு இருந்துச்சா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு, அவசரத்தில் தொங்கவிட்டே முறுக்கிவிட்டதாக ஒத்துக்கொண்டார். அப்படிச் செய்தால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு மேலே தள்ளும் என்று நீ அவருக்குச் சொன்னது எனக்கே புரிந்தது. எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி மேல் சக்கரம் தரையில் பட நிறுத்தி, இரண்டு இருக்கையிலும் ஆளை உட்காரவைத்து மறுபடி முறுக்கச் சொன்னாய். மாமா நான் உட்காருகிறேன் என்று முந்தினான், வேண்டாம் மாமா, அந்த இருக்கைக்கு அப்பாவின் எடைதான் சரியாக வரும் என்று சொல்லிவிட்டாய். ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று மெக்கானிக் பிறகு என்னிடம் சொன்னார், கள்ளி, அப்போதுதான் உன் தந்திரம் எனக்கு விளங்கியது.

அப்பா பஸ் பிடித்து வந்தார். வண்டி ஓடாது, நிற்கத்தான் போகிறது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு, தலையணையோடு ஏறி உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நான் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன், அடியில் மெக்கானிக் ஒவ்வொன்றாக முறுக்கி முடித்தார். முடிந்தது, இறங்குங்கள் என்றேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு பார்த்துப் போட்டது, நானே உட்கார்ந்து பார்க்கலைன்னா எப்படி? வண்டிய எடு" என்றார். மாமாவே போய் கேட்டைத் திறந்துவிட்டான்.

மரக்கடைத் தெரு வழியாகத்தான் வரவேண்டும், லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. முதல் வேகத்தடையில் ஊர்ந்தேன். வண்டி ஏறி இறங்கியது, ஒரு தடவை அமுங்கி அப்படியே நின்றுவிட்டது, இரண்டாவது ஆட்டம் இல்லை. தண்ணீர்த் தொட்டி வளைவில் கொஞ்சம் வேகம் வைத்தேன், திட்டாதே, வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போனது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலிக்கிறதோ என்று வேகத்தைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தால் பேப்பர் சரிந்து காலடியில் கிடக்க, மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலில்கூட அவர் புரளாமல் தூங்கி நான் பார்த்ததில்லை. நம் வீட்டுத் தெரு வந்தது, நான் திரும்பவில்லை. பெட்ரோல் இருக்கிறவரை இருக்கட்டும் என்று நேராக ஓட்டிக்கொண்டே போனேன், கண்ணைத் துடைக்க ஒரு கை, ஸ்டியரிங்கில் ஒரு கை. உன்னைப் பெற்றதற்கு எனக்கு இது போதும் கண்ணு.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நீண்ட ஆயுசோடு இரு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படு, இதை மறக்காதே. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, அப்பா வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹார்ன் அடிக்கிறார், நான் போகவேண்டும்.

உன்னை நினைத்துத் தலைநிமிர்ந்து நடக்கும்,
அம்மா