எண்ணாமல் விட்ட நான்கு கோப்பைகள்

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்றைக்கு மீன் பண்ணைப் பம்பு அறைக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் பேச்சை மாற்றக் கூடாது. முதலாளி, பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தில் வெயில் அடித்தும் நகராமல். கணக்கர், ஒரு கையில் கால்குலேட்டர், மறு கையில் நீ எழுதி அனுப்பிய காகிதம். குஞ்சு அள்ளுகிற கோப்பைக்காரன், முழங்கால் வரை நனைந்து. உன் அம்மா, சாக்கட்டியோடு. உன் அப்பா, தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால், தள்ளி நின்று வேலிக் கம்பியைப் பிடித்தபடி. உன் பெரியப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், மதியம் வரைக்கும். நான், கவிழ்த்துப் போட்ட தீவன வாளியின் மேல். வேறு யாரும் இல்லை.

போனில் “இன்னும் யார் மேல பாட்டி கோபம்?” என்று கேட்டாய். உன் அம்மா பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் “யார் மேலயும் இல்ல, பல்லு வலி” என்று சொல்லிவிட்டேன். எனக்கு மிச்சம் இருப்பதே நான்கு பல். நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. உன் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அப்பா மீன் குஞ்சைத் திருடி விற்றுவிட்டான் என்று முதலாளி சொன்ன அன்று உனக்குத்தான் முதலில் போன் போட்டோம். நீ பெரிய படிப்பு படித்து, எண்ணிக்கையைப் பற்றியே பாடம் நடத்துகிறவள். “எங்க அப்பா எடுத்திருக்க மாட்டார்” என்று ஒரு வார்த்தை சொல்லுவாய் என்று இருந்தேன். நீ என்ன சொன்னாய்? “இந்த ரெண்டு எண்ண மட்டும் வச்சுக்கிட்டு, எடுத்தாரா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது பாட்டி” என்றாய். போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். வளர்த்த கையைக் கடித்துவிட்டாளே என்று இருந்தது. அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் குளிக்கப் போயிருந்தேன் அல்லவா? அத்தனை தடவை யாரும் குளிப்பதில்லை.

கடைசியில் உன் அம்மா போனை என் காதில் வைத்து அழுத்திவிட்டாள். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: “அஞ்சு கோப்பை அள்ளுவாங்களே பாட்டி, அதுல எந்தக் கோப்பையை எண்ணுவாங்க?” இது ஒரு கேள்வியா என்று எரிச்சலாக வந்தது. எங்களுக்குத் தெரியாதா என்ன? மீன் குஞ்சை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. தொட்டியிலிருந்து ஐந்து கோப்பை அள்ளி வரிசையாக வைப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் எண்ணி, மொத்தம் எத்தனை கோப்பையோ அதால் பெருக்கிவிடுவார்கள். குஞ்சு வரும்போது, கொண்டுவந்தவர் காட்டுகிற கோப்பையை எண்ணுவார்கள். குஞ்சு போகும்போது, வாங்க வந்தவர் காட்டுகிற கோப்பையை எண்ணுவார்கள். அதுதான் மரியாதை, எங்கள் முதலாளி இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பவர் என்று நான் பெருமையாகத்தான் சொன்னேன். நீ உடனே, “கொண்டுவந்தவர் நெறஞ்ச கோப்பையைக் காட்டுவார். வாங்குறவர் எளச்ச கோப்பையைக் காட்டுவார். நடுவுல நிக்கிறது அப்பா” என்றாய்.

அப்போதும் எனக்குப் பாதிதான் விளங்கியது. இத்தனை வருடமாக நம் பண்ணையிலேயே பொரித்த குஞ்சை விற்றார்கள். போகும்போது மட்டும்தான் கணக்கு. இந்த வருடம்தான் முதல் முறையாக வெளியிலிருந்து வாங்கிக் குளத்தில் விட்டார்கள். வரும்போது ஒரு கணக்கு, போகும்போது ஒரு கணக்கு. செத்ததைக் கழித்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு காணோம். குளத்துச் சாவி உன் அப்பாவிடம். வேறு யாரைப் பிடிப்பார்கள்?

எப்படி எண்ணிப் பார்ப்பது என்று நீ அந்தக் காகிதத்தை எழுதி அனுப்பியபோது உன் அப்பா பேனாவைக் கையில் எடுத்தாயிற்று. “நான்தான் எடுத்தேன்” என்று எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டேன், பண்ணை வீட்டை மட்டும் காலி செய்தால் போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். “எழுதிக் குடுத்துடறேம்மா, தூங்கணும் போல இருக்கு” என்றான். நான் பேனாவைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டேன். முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, நீ எழுதியபடி எண்ணிப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சாயங்காலம் பம்பு நிறுத்துகிற வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் சாகிற ஒவ்வொரு குஞ்சும் உங்கள் கணக்கு என்றார்.

ஒரு தொட்டி. அதில் விரல் நீளக் குஞ்சுகள். கோப்பைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்பை அள்ளுவான். ஐந்தையும் எண்ணி, திரும்பத் தொட்டியிலேயே விட்டுக் கலக்கிவிட்டு, மறுபடி ஐந்து. ஒவ்வொரு ஐந்துக்கும் நான்கு எண்: பெரியது, சிறியது, சராசரி, வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. பம்பு அறைச் சுவரில் உன் அம்மா நான்கு கோடு இழுத்து, கோட்டுக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தாள்.

முதல் சில தடவை புள்ளிகள் அங்கும் இங்குமாக விழுந்தன. சராசரி ஒரு தடவை இருபத்தொன்பது, அடுத்த தடவை முப்பத்திரண்டு. முதலாளி சிரித்தார். “உங்க பேத்தி கணக்கே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே” என்றார். கணக்கர் உன் காகிதத்தைப் பார்த்து, “நிக்காதுன்னுதான் எழுதியிருக்கு முதலாளி. எவ்வளவு தூரம் ஓடுது, எதைச் சுத்தி ஓடுதுன்னு பாக்கச் சொல்லியிருக்கு” என்றார். நல்ல மனிதர். அதற்காகவே அவர் பழைய தப்பு ஒன்றை நான் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

மதியம்தான் உயிர் போய் வந்தது. தொட்டிக்கு மேல் கட்டியிருந்த துணியின் ஒரு முனை அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. குஞ்செல்லாம் அந்த நிழலுக்குள் ஓடி அடைந்துகொண்டது. கண்ணை மூடியிருந்த கோப்பைக்காரன் சரியாக அங்கேயே ஒரு கோப்பை அள்ளிவிட்டான். இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்துமூன்று, அதோடு ஒரு ஐம்பத்தெட்டு. சராசரி ஒரே தாவாகத் தாவி முப்பத்தாறுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. முதலாளி நாற்காலியின் கையைத் தட்டினார். “இதுவும் பொய்தான். ஒரு கோப்பை வந்து மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிடுச்சு பாரு. போதும், நிறுத்துங்க” என்றார்.

உன் அம்மா சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாள். உன் பெரியப்பா எழுந்தான். “நான் அன்னைக்கே சொன்னேன், எழுதிக் குடுத்துட்டு மானத்தோட போங்கடான்னு. ஊரே சிரிக்குது” என்று சொல்லிவிட்டுச் சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு போனான். பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம்.

நான்தான் கணக்கரைப் பார்த்து, “நடுவுல வர்ற எண்ணு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க” என்று கத்தினேன். முப்பத்தொன்று. அது இருந்த இடத்திலேயே இருந்தது. நீயும் எழுதியிருந்தாய், கணக்கர் சத்தமாகப் படித்தார்: ஒரு கோப்பை முரண்டு பிடித்தால் சராசரி ஏமாறும், நடு எண் ஏமாறாது, ஆனால் சாதாரண நாளில் சராசரிதான் குறைவாக ஆடும், இரண்டையும் வையுங்கள், பிடிக்காத புள்ளியை அழிக்காதீர்கள். எனக்கு அப்போதுதான் புத்திக்குள் போனது. சராசரி உன் அம்மா மாதிரி. எல்லார் பேச்சையும் கேட்பாள், ஒருத்தர் பெருங்குரலில் கத்தினால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாள். நடு எண் உன் தாத்தா மாதிரி. யார் எவ்வளவு கத்தினாலும் மனிதர் நாற்காலியை விட்டு நகர மாட்டார். (இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே.)

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு, “சரி, முடிங்க” என்றார். துணியை இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். உன் பெரியப்பா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

இருபது தடவை முடிந்தபோது சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதில் ஒளிவு மறைவே இல்லை. சராசரிப் புள்ளிகள் முப்பத்தொன்றைச் சுற்றி எறும்பு மொய்க்கிற மாதிரி குவிந்துகிடந்தன, அந்த ஒரு ஓடுகாலியைத் தவிர. நடு எண்ணும் அங்கேயேதான், கொஞ்சம் அகலமாக. பெரிய எண்ணின் கும்பல் தனியாக, முப்பத்தேழுப் பக்கம். சிறிய எண்ணின் கும்பல் இந்தப் பக்கம், இருபத்தைந்தில். கடைசியில் தொட்டியையே காலி செய்து ஒரு குஞ்சு விடாமல் எண்ணினார்கள். அறுபது கோப்பை. ஆயிரத்து எண்ணூற்று அறுபது குஞ்சு. கணக்கர் தட்டிப் பார்த்துவிட்டு, “கோப்பைக்கு முப்பத்தொண்ணு” என்றார்.

அதற்கு மேல் முதலாளியே கேட்டார்: “வர்ற கணக்குப்படி இந்தத் தொட்டியில எத்தனை?” முப்பத்தேழால் பெருக்கி இரண்டாயிரத்து இருநூற்று இருபது என்றார் கணக்கர். “போற கணக்குப்படி?” ஆயிரத்து ஐநூறு. எழுநூற்று இருபது குஞ்சு காணோம். மூன்றில் ஒரு பங்கு. எல்லார் கண் முன்னாலும், யாரும் எடுக்காத தொட்டியிலிருந்து. முதலாளி, “யாருய்யா எடுத்தது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோப்பைக்காரன் சும்மா இருப்பானா? “நானும் அதான் பாக்கறேன். நீங்களும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்லையே முதலாளி” என்றான். உன் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். உன் அப்பா சிரிக்கவில்லை. போய்க் கையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் வேலிக் கம்பி பதிந்திருந்தது.

உன் அப்பாவிடம் எழுதி வாங்க வைத்திருந்த காகிதத்தை முதலாளி கிழித்துப் போட்டுவிட்டார். சாவி திரும்ப வந்துவிட்டது. இப்போது ஐந்து கோப்பையையும் எண்ணுகிறார்கள், யார் எதைக் காட்டினாலும். உன் அப்பா வேலைக்குப் போகிறான். ஆனால் குளத்திலிருந்து வரும்போது லுங்கி மடிப்பை உதறி, பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறானாம். யாரும் கேட்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மேல் இருந்த கோபம் சுவரைப் பார்த்த அன்றே போய்விட்டது. “சொல்ல முடியாது” என்று நீ சொன்னது, சொல்ல விருப்பம் இல்லாமல் அல்ல, இன்னும் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் என்று புரிந்துகொண்டேன். மகளாக இருந்தும் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இருந்தாய். முதலாளி மேலும் கோபம் இல்லை. அவர் முதலாளி, அவர் குணம் அது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவர் என்னை மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். “அம்மா, எண்ணிக்கை குறைஞ்சதும் உங்க பிள்ளை மேல எனக்குச் சந்தேகம் வரலை. உங்க வீட்டுலேர்ந்தே ஒருத்தர் வந்து, அவனுக்குச் சின்ன வயசுலயே கை நீளம், சாவியை வாங்கி வச்சுக்குங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான்” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். முதலாளிக்குத் தீவனம் விற்கிறவன்தான். தம்பி மேல் விழுகிற பழி தன் வியாபாரத்தின் மேலும் தெறிக்குமோ என்று முந்திக்கொண்டான்.

யாருக்குக் கை நீளம்? பக்கத்து வீட்டு சைக்கிள் பம்பு காணாமல் போனபோது உன் தாத்தா பெல்ட்டால் அடித்தது சின்னவனை. அவன் வாய் திறக்கவில்லை. அந்தப் பம்பு பிறகு மூத்தவன் பெட்டியிலிருந்துதான் உருண்டு விழுந்தது. பச்சைக் கலர், கைப்பிடியில் கயிறு சுற்றியிருக்கும்.

வாரா வாரம் பழத்தோடு வருகிறான். டீ போட்டு வைக்கிறேன், சர்க்கரை போடுவதில்லை. அவனும் கேட்பதில்லை. உன் அப்பா, “அன்னைக்கு அண்ணன் வேலையை விட்டுட்டு நமக்காக வந்தாரும்மா” என்கிறான். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். நீயும் சொல்லாதே. குளத்தை விட்டு வரும்போது பையை உதறுகிறவனுக்கு இதுவும் தெரிந்தால் தாங்க மாட்டான். உன் மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

ஒரு கோப்பையை வைத்து முடிவு சொல்லக் கூடாது பாட்டி என்பாய். நான் ஒரு கோப்பையை வைத்துச் சொல்லவில்லை, கண்ணு. அவன் பிறந்ததிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன். பிடிக்காத புள்ளியையும் அழிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவனும் அவன்தான், அதையும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வாய் உனக்கு என்றைக்கும் இருக்கட்டும். லீவு கிடைத்தால் வந்து உன் அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு, ஒன்றும் பேச வேண்டாம்.

நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். உன் பெரியப்பா.

இப்படிக்கு,
அவனையும் பெற்ற உன் பாட்டி