இடுக்கி ஆட்டம்

போனில் இடம் தீர்ந்துவிட்டதாம். இன்று மத்தியானம் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது கேட்டது: ஒரே மாதிரி நான்கு வீடியோ இருக்கிறது, மூன்றை அழித்துவிடலாமா? நான்கிலும் நீதான். அதே நீலச் சட்டை, அதே இடுக்கி, அன்று காலை மழித்த அதே கன்னம். டப்பாவை மூடிவிட்டு, ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் உனக்கு இதை எழுத ஆரம்பித்தேன்.

நான் இப்போது நம் இரும்புக் கம்பி மில்லில் இல்லை. உன்னைப் புதைத்த மூன்றாம் மாதமே கும்மிடிப்பூண்டியை விட்டு வந்துவிட்டேன். திருவள்ளூரில் ஒரு ரூம், இங்கே ஒரு சின்னக் கம்பெனியில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடைக்கிற வேலை. சூடு கிடையாது, சத்தம் கிடையாது. நீ பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிப்பாய். ஆனால் இங்கேயும் நீ என்னை விடவில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் போன் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது உன் ஆட்டம் அதில் வந்துவிடும். ஏதோ ஒரு தேசத்தில் கல்யாணம். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்ணும், கோட் போட்ட மாப்பிள்ளையும் ஆடுகிறார்கள். போன வாரம் ஒரு பெரிய பாட்டுக்காரியின் மேடை. பின்னால் நாற்பது பேர், கையில் வெள்ளி நிறத்தில் பொம்மை இடுக்கி. அரங்கம் முழுக்க எழுந்து ஆடுகிறது. பார்த்த பெண்கள் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பிடி, சுற்று, விடு, தாண்டு. மொத்த ஆட்டமும் இவ்வளவுதான். உலையில் பழுத்த இரும்பு, ரோல் என்கிற சுழலும் உருளைகளுக்குள் நுழைந்து இந்தப் பக்கம் கம்பியாகச் சீறிக்கொண்டு வரும். அதன் நுனியை இடுக்கியால் பிடித்து, உடம்போடு அரைவட்டம் சுற்றி, அடுத்த ரோலின் வாயில் விட்டுவிட்டு, காலடியில் வளைந்து வரும் மிச்சக் கம்பியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அரை மணி இழுத்தால் அரை மணி ஓய்வு, அதற்கு மேல் உடம்பு தாங்காது. நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததை நீ இடுப்பை இறக்கி, தோளைக் குலுக்கி, குதிகாலில் ஒரு தட்டுத் தட்டிச் செய்தாய். "கம்பி இழுக்கற இழுப்புக்கு நாம ஆடித்தான் ஆவணும் மச்சி" என்பாய். ஆனால் ஆடுகிற நேரம் முழுக்க உன் தலை இடது பக்கம் திரும்பியே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரிடமும் நீ சொன்னது ஒன்றே ஒன்று. "கை எங்க வேணா போவட்டும். கண்ணு ரோல் வாயிலயே இருக்கணும்."

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். மில்லின் பழைய ஷெட்டை ஒரு பாட்டுக்காக எடுத்தார்கள். கூட்டத்துக்கு நம்மையே நிறுத்தினார்கள். டீ இடைவேளையில் நீ டான்சர்களுக்கு, கம்பி இல்லாமல் வெறும் இடுக்கியை வைத்து, நம் வேலையை ஆடிக் காட்டினாய். டான்ஸ் மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இன்னொரு வாட்டி காட்டுங்க பிரதர்." பத்து வாட்டி காட்டினாய். அவர் செய்தது ஒரே ஒரு திருத்தம். "தலை ஏன் சைடுல போவுது? நேரா கேமராவைப் பாருங்க, சிரிங்க."

"சார், அங்க பாத்தா ஆளு காலி சார்" என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். டான்சர்கள் கேமராவைப் பார்த்து ஆடினார்கள். உனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் கூட்டத்தின் ஓரத்தில் ஓர் இடமும் கிடைத்தது.

படம் வந்த முதல் ஞாயிறு, சர்ச்சுக்குப் போட்ட உடுப்போடு அப்படியே நீ, உன் மனைவி, மகள் ஜெனி, நான் என்று நாலு பேரும் தியேட்டருக்குப் போனோம். ஜெனி அப்போது ஒன்பதாவது படித்தாள். பாட்டில் உன்னைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஹீரோவின் தோளுக்குப் பின்னால் ஒரு கை, அதில் ஒரு இடுக்கி, கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. "அப்பா எங்கப்பா?" என்று அவள் கேட்டாள். "அந்தக் கைதாம்மா நானு" என்றாய். அவள் முகம் வாடிவிட்டதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன்.

படம் இங்கே சுமாராகத்தான் ஓடியது. போனில் வந்த பிறகுதான் எந்தெந்த பாஷையிலோ பேச வைத்து எந்தெந்த நாட்டிலோ ஓட விட்டார்கள். ஒருநாள் கேன்டீனில் நாஷ்டா தின்றுகொண்டிருக்கும்போது நான்தான் உனக்குக் காட்டினேன். கடற்கரையில் அரை டிராயரோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் இடுக்கிக்குப் பதில் ஆளுக்கொரு கரண்டியைப் பிடித்து ஆடினார்கள். உனக்குப் புரையேறிவிட்டது. "இன்னா மச்சி, வெள்ளக்காரன் நம்ம மில்லுல வேலைக்கு சேந்துட்டானா?" அன்று முழுக்க நீ அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குத்தான் போதவில்லை. உடற்பயிற்சி சொல்லித் தருகிற ஒரு வெள்ளைக்காரி, இது இந்தியாவின் பழங்கால அறுவடை நடனம் என்று விளக்கம் சொல்லியிருந்தாள். ஜெனியிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து உன்னிடம் குதித்தேன். நீ நிதானமாக இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாய். "எங்க நைனா ஆரணிப் பக்கம் நெல்லு அறுத்தவருதான். ஆனா அவரு ஆடி நான் பாத்ததே இல்ல மச்சி. முதுகு வலின்னு குப்புறப் படுத்துனு இருந்துதான் பாத்திருக்கேன்."

"இத நீதான் போட்டேன்னு ஒலகத்துக்குத் தெரிய வேணாமா? நெஜக் கம்பிய வச்சி நீ ஆடறத ஒரு வீடியோ எடுத்துப் போட்டா எவன் வாயத் தொறப்பான்?"

"ஆடறவன் ஆடிட்டுப் போறான், வுடு. பேஜாரு புடிச்ச வேல."

நான் விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்தேன். ஜெனியை இழுத்தேன். உன் பொண்ணு உன் கையைத்தான் பார்த்திருக்கிறாள், மூஞ்சியைப் பார்க்க வேண்டாமா என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் நீ மசிந்தாய். மறுநாள் காலை ஷிப்டுக்கு ஷேவ் பண்ணிக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். நெருப்பில் வேகப் போகிறவன் எவனாவது ஷேவ் பண்ணுவானா என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

உனக்கு இழுக்கிற முறை, எனக்கு ஓய்வு. உள்ளே போன் கொண்டுவரக் கூடாது. துண்டுக்குள் சுருட்டி எடுத்து வந்தேன். முதல் கம்பியை நீ அழகாக இழுத்தாய். பிடித்தாய், சுற்றினாய், விட்டாய், தாண்டினாய். ஆனால் படத்தில் உன் காதும் கழுத்தும்தான் விழுந்தது, நீ வழக்கம்போல ரோல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எரிச்சல். இரண்டாவது கம்பி வந்தது. "மச்சி, மூஞ்சிய இப்புடிக் காட்டு! படத்துல வர மாதிரி சிரி!" என்று கத்தினேன். நீ திரும்பினாய். சிரித்தாய். எவ்வளவு நல்ல சிரிப்பு அது! அந்த நேரத்தில் நுனி ரோலில் ஏறாமல் எகிறித் திரும்பி உன்மேல் பாய்ந்தது. பதினெட்டு வினாடி வீடியோ. அதில் பதினைந்தாவது வினாடியில் நீ சிரிக்கிறாய்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாய். இரண்டாம் நாள் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கட்டுக்கு நடுவே உதடு அசைந்தது, குனிந்து காதை வைத்தேன். "வீடியோ வந்துச்சா மச்சி?"

"இல்லடா. போன் கீழ வுழுந்துடுச்சி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான். பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். போனில் படம் பிடித்தது வெளியே தெரிந்தால் என் கதி என்ன என்ற நினைப்பு. உன் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது நான் என் தோலைப் பார்த்துக்கொண்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். வந்திருக்கிறது, உன் முகம் முழுசாக வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷமாவது சந்தோஷப்பட்டிருப்பாயே. அதைக்கூட நான் உனக்குத் தரவில்லை. பிறகு விசாரணைத் தாள் வந்தது. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தது. நான் ஓய்வில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று கீழே கையெழுத்துப் போட்டேன். கவனக்குறைவாம், உனக்கு! கண் ரோல் வாயில் இருக்கணும் என்று எங்கள் எல்லோருக்கும் சொன்ன உனக்கு.

போன மாதம் ஜெனி போன் செய்தாள். பொன்னேரியில் காலேஜ் முதல் வருஷம். "மாமா, ஆனுவல் டேக்கு அந்தப் பாட்டுக்குத்தான் ஆடறோம். அது எங்கப்பா ஸ்டெப்புன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்றாங்க, சிரிக்கிறாங்க. அன்னிக்கு நீங்க வீடியோ எடுக்கறதாச் சொல்லித்தான் அப்பா ஷேவ் பண்ணிக்கினு போனாராம், அம்மா சொன்னாங்க. இருக்கா மாமா?"

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் நான் செய்த கூத்தைக் கேள். கடைசி மூன்று வினாடியை வெட்டி ஒரு வீடியோ செய்தேன். கேட்டால் என் குரல் இருக்கிறது. குரலை அமுக்கி இன்னொன்று செய்தேன். ஊமையாக நீ திரும்புகிறாய், யாருக்காக என்று தெரியவில்லை. அதன்மேல் அந்தப் பாட்டையே ஒட்டி மூன்றாவதாக ஒன்று செய்தேன். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஆயிரம் வெளிநாட்டுக்காரர்களில் நீயும் ஒருத்தன் ஆகிவிட்டாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. உன்னை இரண்டாம் முறை கொல்கிறேன் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் வெட்டாத முதல் வீடியோவையே, சத்தத்தோடு, ஜெனி கையில் கொடுத்தேன். கடைசி வினாடிகளைப் பார்க்க வேண்டாம்மா என்று மட்டும் சொன்னேன். பதினைந்தில் அவளே நிறுத்திவிட்டாள். மறுபடி முதலில் இருந்து போட்டாள். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள்.

"யாரு கூப்புட்டது?" என்று கேட்டாள். என் குரலை அவளுக்குத் தெரியாதா!

"நான்தாம்மா."

"ரெண்டு வருஷமா எங்கம்மா அப்பாவைத் திட்டினு கீது. ஏன் அசால்டா இருந்தான், நம்மள நெனச்சிப் பாத்தானா இல்லயான்னு. தெனமும். உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்காகக் கொண்டுவந்த டீயை உன் மனைவி கையில் வைத்துக்கொண்டே நின்றாள், பிறகு அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டாள். "நீங்க கெளம்புங்க" என்றாள் ஜெனி. மாமா என்று சொல்லவில்லை.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. தினமும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இன்று அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முடிந்தது. பின்னால் செய்த மூன்றையும் அழித்துவிட்டேன்.

நேற்று அவள் காலேஜில் ஆனுவல் டே. என்னை யாரும் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டுப் பொன்னேரிக்குப் போய்ப் பந்தலின் கடைசியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். மத்தியான வெயில். ஏழு பெண்கள் மேடை ஏறினார்கள், பாட்டு ஆரம்பித்தது, பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஆறு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். ஓரத்தில் நின்ற ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. பிடித்தாள், சுற்றினாள், விட்டாள், தாண்டினாள். அவள் தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. இந்தப் பக்கம் பார், ஆட்களைப் பார் என்று மேடைக்குக் கீழே இருந்து டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "திரும்பாதம்மா, திரும்பாத" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் திரும்பவில்லை. அன்றைக்கு உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தைதானே. இரண்டு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன், இறக்கிவைக்க எனக்கு இடம் இல்லை மச்சி.